காரின் குளிர் போன வழி

வேலூரில் ஃபிரிட்ஜ், ஏர்கண்டிஷன் வேலை தெரிந்தவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் இல்லாத காலம் அது. அவர்களில் கிருபானந்தம் மிஸ்திரியைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. கோளாறு எங்கே ஒளிந்திருந்தாலும் மனுஷன் பிடித்துவிடுவார் என்பது ஒன்று. யாரையும் நம்ப மாட்டார் என்பது இன்னொன்று.

பால்காரர் அளந்து ஊற்றும்போது பக்கத்தில் போய் நிற்பார். கடைக்கு வரும் கேஸ் சிலிண்டரைத் தராசில் ஏற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். சர்ச்சில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும்போதுகூட அதை ஏந்தி வருபவரின் கையைத்தான் கவனிப்பார் என்று அவர் மனைவி ஜெயபுஷ்பம் டீச்சர் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அவருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். அந்தத் தெருவில் யாரும் அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசியதில்லை.

இது பிறவிக் குணம் அல்ல. இருபத்தாறு வயதில் அவர் வாலாஜாபேட்டையில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே சனிக்கிழமை எடுக்கும் ஐஸ் பார் மட்டும் நடுவில் உறையாமல் பொத்தலாக வரும். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் வால்வை மாற்றினார். கம்ப்ரசரைக் கழற்றி மாட்டினார். அடுத்த சனிக்கிழமையும் பொத்தல்தான். கிருபானந்தம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடப் போவதுபோல் போய், பின்கதவு வழியாகத் திரும்பி வந்து மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். காவல்காரர் கோலி சோடாப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி, ஐஸ் உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். மச்சானின் சோடாக் கடைக்கு. ஐஸுக்குப் போக வேண்டிய குளிரை சோடா தின்றுகொண்டிருந்தது.

அன்று முதலாளி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். காவல்காரர் வேலை போய்விட்டது. மிஷின் தானாகக் கெடுவது குறைவு, தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு மனிதக் கை இருக்கும் என்று கிருபானந்தம் அன்றைக்கு முடிவு கட்டினார். பதினெட்டு வருடம் அந்த முடிவு அவரைக் கைவிடவில்லை.

1982 மே மாதம் ஆம்பூரிலிருந்து அவருக்கு ஆள் வந்தது.

ஆள் அனுப்பியவர் நசீர் அகமது. டேனரி வைத்திருந்தார். பதப்படுத்திய தோலை ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். தோல் வாங்க வரும் வெள்ளைக்காரர்களை மீனம்பாக்கத்திலிருந்து அழைத்து வருவதற்கென்றே தன் அம்பாசடர் காரில் மெட்ராஸில் ஏர்கண்டிஷன் பொருத்தி வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கார்கள் மிகக் குறைவு.

ஏப்ரலில் அந்தக் கார் அவரைக் கவிழ்த்துவிட்டது. ஒரு ஜெர்மன்காரரை ஏற்றிக்கொண்டு வரும்போது, வாலாஜாபேட்டை தாண்டியதும் முன்பக்கம் கடகடவென்று சத்தம். கொஞ்ச தூரத்தில் குளிர்க்காற்று நின்று அனல் அடிக்கத் தொடங்கியது. கண்ணாடியை இறக்கினால் புழுதி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வந்து இறங்கிய ஜெர்மன்காரர் தோலை அரை மணி நேரம் பார்த்தார். மறுநாள் பக்கத்து டேனரிக்குப் போய் அங்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்.

நசீர் அகமதுவின் மனதில் அன்றே ஒரு முள் தைத்துவிட்டது. அந்தக் காரின் டிரைவர் சின்னசாமி. பள்ளிகொண்டாக்காரர். ஆறு வருடமாக வண்டி ஓட்டுகிறார். அவருடைய மச்சான் ஒருவர் வேலை பார்ப்பது ஆர்டரைப் பிடித்த அந்தப் பக்கத்து டேனரியில்.

"மிஸ்திரி, நாளைக்குக் காலைல இத்தாலி பார்ட்டி வருது. சத்தம் நிக்கணும், குளிரு வரணும்" என்றார் நசீர் அகமது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதவிட, இது எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். புரியுதா?"

கிருபானந்தத்துக்கு நன்றாகவே புரிந்தது.

டேனரி முற்றத்தில் வேப்பமரத்தடியில் கார் நின்றது. சின்னசாமி பானெட்டைத் தூக்கிப் பிடித்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடாமல் காது கொடுத்துக் கேட்டார் கிருபானந்தம். சத்தம் இல்லை. ஏசியைப் போட்டதும் கடகட என்று ஆரம்பித்தது. நிறுத்தினால் நின்றது. ஆக, சத்தம் இன்ஜினுடையது அல்ல. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு கப்பியைக் கையால் சுழற்றினார். பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கம்ப்ரசரைத் தாங்கும் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று போல்ட் போல்ட்டாகத் தடவினார். இல்லை. மறுபடி ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். உள்ளே இரும்பும் இரும்பும் மோதிக்கொள்வது கேட்டது. எண்ணெய் வறண்ட சத்தம்.

பிறகு குழாயில் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கேஸ் நிறைந்திருந்தால் அது தெளிவாக இருக்கும். இதில் நுரையும் வெறுமையும்தான் தெரிந்தன. விஷயம் விளங்கிவிட்டது. கேஸ் ஓடும்போது அதோடு சேர்ந்துதான் எண்ணெயும் சுற்றி வந்து கம்ப்ரசரை நனைக்கும். கேஸ் குறைந்துபோனதால் குளிர் நின்றது. எண்ணெய் திரும்பி வராததால் கம்ப்ரசர் கத்தியது.

கேஸ் எங்கே போயிற்று என்பதுதான் மிச்சம்.

கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. லீக் பார்க்கும் விளக்கைக் கொளுத்தி அதன் ரப்பர் குழாயை மூலை முடுக்கெல்லாம் நீட்டினார். கேஸ் கசிந்தால் அந்தச் சுடர் பச்சையாகும். ஆகவில்லை. மிச்சம் இருந்தது டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மட்டும்தான். அதைப் பார்க்க டாஷ்போர்டைக் கழற்றியாக வேண்டும். ஒரு முழு நாள் வேலை. இத்தாலிக்காரர் காலையில் வருகிறார்.

அப்போதுதான் கேஸ் ஏற்றும் வால்வின் பித்தளை மூடி அவர் கண்ணில் பட்டது. அதன் விளிம்பில் பிளையர் பற்கள் கடித்த தடம். மூடி மரை கோணலாக ஏறியிருந்தது. மிஸ்திரிகள் அந்த மூடியைக் கையால்தான் திருகுவார்கள். கிருபானந்தம் நிமிர்ந்து சின்னசாமியைப் பார்த்தார். சின்னசாமி பார்வையைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

அது போதுமானதாக இருந்தது கிருபானந்தத்துக்கு. மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே உஷார் அவர் உடம்பில் ஏறியது.

எண்ணெய் விட்டு, கேஸை முழுசாக நிரப்பினார். சத்தம் அடங்கியது. உள்ளே நல்ல குளிர். மூடியைத் திருகி, மூடியும் குழாயும் சேரும் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார். யார் மூடியைத் தொட்டாலும் பொட்டு உடைந்துவிடும். அதே நிறத்தை இன்னொருவர் பூசி ஏமாற்றிவிடக் கூடாது என்று சிவப்பில் ஒரு சொட்டு நீலமும் கலந்திருந்தார்.

ஆபீஸ் அறையில் நசீர் அகமது கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "தானா போச்சா, போக வச்சாங்களா?"

"ஜாயிண்ட் எதுலயும் லீக் இல்ல சாஹிப். மூடியில பிளையர் போட்ட தடம் இருக்குது."

"அப்டின்னா?"

"யாரோ தொறந்திருக்காங்க."

"யாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? வண்டிகூடவே யாரு இருக்காங்களோ அவங்களத்தான் கேக்கணும்."

காயிலைப் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து அல்ல. கை யாருடையது என்று தெரிந்தபிறகு காயில் எதற்கு என்று நினைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் அவரைக் கொண்டுபோய் விட்டது சின்னசாமிதான். "நல்லா குளிருது மிஸ்திரி. எனக்கு இப்பதான் உசுரு வந்துச்சு. ஒரு மாசமா மொதலாளி மூஞ்சியப் பாக்கவே பேஜாரா இருந்துச்சு" என்றார். கிருபானந்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கியிலிருந்து கருவிப் பெட்டியை எடுத்து, பஸ்ஸுக்குள் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் சின்னசாமி போனார்.

இத்தாலிக்காரரை மீனம்பாக்கத்தில் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்றே சின்னசாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். கிருபானந்தத்தின் கடைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் இருந்த ஃபோனுக்கு நசீர் அகமதுவே பேசினார். "மிஸ்திரி, மறுபடி அதே சத்தம். நீங்க ஒடனே வாங்க."

இப்போது காரை ஓட்டுவது தன் அக்கா மகன் ரஃபி அகமது என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார். சாவியை நசீர் அகமது தன் ஷெர்வானிப் பையிலேயே வைத்திருந்தார். பானெட்டுக்கு ஒரு சிறு பூட்டும் போட்டிருந்தார். பஸ்ஸில் போகும்போதே கிருபானந்தம் ரஃபி அகமதுவைச் சந்தேகப்பட்டுவிட்டார். ஆம்பூர் வருவதற்குள் வாசல் காவலாளி அதாவுல்லாவையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தார்.

பூட்டைத் திறந்து பானெட்டைத் தூக்கினார்கள். கண்ணாடித் துவாரத்தில் அதே நுரை. கேஸ் காலி. பூதக்கண்ணாடியை எடுத்து வால்வு மூடியைப் பார்த்தார். சிவப்புப் பொட்டு மூடியையும் குழாயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது. மயிரிழைக் கீறல்கூட இல்லை. சந்தேகம் தீராமல் நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தார். அந்த நீலம் கலந்த சிவப்பு. அவருடைய பொட்டுதான்.

மூடியை யாரும் திறக்கவில்லை. கேஸ் மட்டும் போயிருக்கிறது.

"இப்ப யாரு மிஸ்திரி?" என்று பின்னாலிருந்து நசீர் அகமது கேட்டார்.

கிருபானந்தம் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டார். ஆறு வருடம் ஓட்டிய அந்த மனிதர் கருவிப் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. "ஒரு வாரம் டைம் குடுங்க சாஹிப்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் ஜெயபுஷ்பம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை மூடி வைத்தார்.

"அந்த டிரைவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? மூடியில தடம் இருந்துச்சு."

"நான் கேக்கறது அது இல்ல. அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"எங்க ஸ்கூல்ல ஒரு புள்ள காப்பி அடிச்சான்னு யாராவது சொன்னாக்கூட அந்தப் புள்ளையக் கூப்பிட்டுக் கேப்போம். நீங்க ஒரு குடும்பக்காரரைக் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிருபானந்தம் பள்ளிகொண்டாவுக்குப் போனார்.

ரங்கநாதர் கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி சின்னசாமி வீடு. வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுந்தரி, யார் என்று கேட்டார். பெயரையும் ஊரையும் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீங்கதானா அந்த ஏசி மிஸ்திரி? இன்னும் இன்னா பாக்கி இருக்குதுன்னு வந்தீங்க? ஆம்பூருல ஒரு மொதலாளி இவர வேலைக்கு வச்சிக்க மாட்டேங்கறாங்க. கேஸ் தொறந்து உடற டிரைவராம். இப்ப ஐவேஸ் ரோட்டுல லாரி கழுவறாரு. லைசென்ஸ் வச்சிக்கினு லாரி கழுவறாரு."

சின்னசாமி உள்ளேயிருந்து வந்தார். சண்டை போடவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"கேக்கணும்னு வந்தேன்" என்றார் கிருபானந்தம். "அந்த வால்வு மூடியில பிளையர் போட்டது யாரு?"

"நான்தான்."

சுந்தரி திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"கடகடன்னு சத்தம் வந்துச்சு. ஜெர்மன்காரரு பின்னால உக்காந்து ஏதோ திட்டறாரு. எறங்கி பானெட்டத் தொறந்தா, அந்த மூடி லேசா ஆடற மாதிரி தெரிஞ்சிச்சு. சத்தம் அதுலேந்துதான் வருதுன்னு நெனச்சி பிளையரால இறுக்குனேன். நிக்கல."

"அன்னிக்கு நான் பாத்துக்கினு இருந்தப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? நானா சொன்னா, நீ ஏன்டா தொட்டேன்னு மொதலாளி கேப்பாரு. பயந்துக்கினு இருந்தேன்."

கிருபானந்தம், "மூடியில நான் வச்ச சிவப்புப் பொட்டு உடையல, சின்னசாமி. ஆனா கேஸ் மறுபடி போய்டுச்சு. நீங்க ஒண்ணும் பண்ணலன்னு இப்ப எனக்குத் தெரியும். ஆனா எப்படிப் போச்சுன்னு தெரியல. அந்த வண்டி எனக்கு ரெண்டு நாள் பழக்கம். உங்களுக்கு ஆறு வருஷம். ரெண்டு வருஷம் நல்லா ஓடுன ஏசி, அது கெடறதுக்கு முன்னால இன்னா மாறுச்சு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் மாறல. பெட்ரோல் அதே பங்க், ஆயில் அதே ஆயில்." சின்னசாமி கொஞ்சம் யோசித்தார். "வண்டி நிக்கற எடந்தான் மாறுச்சு. போன பக்ரீத்துக்கு அப்புறம் தோல் வரத்து ஜாஸ்தி. போர்ட்டிகோவுல மூட்டை அடுக்கிட்டாங்க. வண்டியப் பின்னால கொட்டாய்ல உடச் சொன்னாங்க. சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்துல. முடி உரிக்கறதுக்கு அதுல மருந்து போடுவாங்க இல்ல, அழுகுன முட்டை மாதிரி நாத்தம். காலைல ஏசியப் போட்டா மொதல்ல அந்த நாத்தம்தான் அடிக்கும்."

"அங்க இன்னும் யாராவது வண்டி உடறாங்களா?"

"யாரு உடுவாங்க? அங்க அரை நாள் நின்னா இதுவே கருத்துப் போய்டும்" என்று கையை நீட்டினார். மணிக்கட்டில் ஒரு செம்புக் காப்பு. "சோளிங்கர் மலையில வாங்குனது. வாரா வாரம் இவ புளி போட்டுத் தேய்ப்பா. வேல போனதுலேந்து தேய்க்கவே இல்ல, பளபளன்னு கீது."

கிருபானந்தம் அவர் கையைப் பிடித்து அந்தக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூலிங் காயிலும் செம்புக் குழாய்தான். காற்றை உறிஞ்சி உறிஞ்சித் தன்மேல் விட்டுக்கொள்வதுதான் அதன் வேலை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவர் டேனரியில் இருந்தார். அன்று முழுக்க டாஷ்போர்டைக் கழற்றினார். சாயங்காலம் நான்கு மணிக்குக் காயில் வெளியே வந்தது. செம்பின் நிறமே அதில் இல்லை. கரிச்சட்டியின் அடிப்பாகம் போல் கறுத்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. கீழ் வளைவுகளில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். நான்கு இடத்தில் ஊசிமுனைக் குமிழிகள் மணி கோர்த்ததுபோல் ஏறி வந்தன.

அதைத் தட்டில் வைத்து நசீர் அகமதுவின் மேசைக்குக் கொண்டுபோனார்.

"சாஹிப், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. யாரும் தொறக்கல. குழிலேந்து வர்ற காத்து செம்பத் தின்னுடுச்சு. இதக் கழட்டிப் பாக்காமலே சொல்லிட்டேன். சின்னசாமி மேல தப்பு இல்ல. மூடிய இறுக்கத்தான் பிளையர் போட்டாரு."

நசீர் அகமது காயிலைப் பார்க்கவில்லை. மிஸ்திரியைத்தான் பார்த்தார்.

"பள்ளிகொண்டாவுக்குப் போனீங்களாமே?"

"போனேன்."

"அவன் உங்களுக்கு இன்னா குடுத்தான்?"

கிருபானந்தத்துக்கு முகம் சுட்டது. நாற்பத்து நான்கு வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பவராகவே இருந்து பழகியவர். கோபத்தில் எழுந்துவிடப் பார்த்தார். எழுந்துபோனால், பணம் வாங்கிக்கொண்டு சொன்னான் என்பதே நிலைத்துவிடும் என்று தோன்றியது. சின்னசாமிக்கும் அதோடு முடிந்துவிடும்.

"என்னை நம்ப வேணாம் சாஹிப்" என்றார். பையிலிருந்து ஒரு புதுச் செம்புக் குழாயை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே மூன்று துண்டாக அறுத்தார். மூன்றையும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்தார். "உங்க கையால அடையாளம் போடுங்க. ஒண்ணு இந்த பீரோவுல. ஒண்ணு போர்ட்டிகோவுல. ஒண்ணு அந்தக் கொட்டாய்ல. நீங்களே கட்டுங்க. நான் பதினஞ்சு நாளைக்கு இந்தப் பக்கமே வர மாட்டேன்."

நசீர் அகமது ஆணியால் மூன்றிலும் உருதுவில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறினார். தாமே போய்க் கட்டினார். கொட்டகைத் துண்டை யாரும் தொடக் கூடாது என்று அதாவுல்லாவுக்குக் கட்டளை போட்டார். அதாவுல்லாவைக் கண்காணிக்க ரஃபி அகமதுவிடமும் சொல்லி வைத்தார்.

அந்தப் பதினைந்து நாளும் கிருபானந்தத்துக்கு வேலையில் கை ஓடவில்லை. நாற்றம் இந்தப் பதினைந்து நாள் பார்த்துக் குறைந்திருந்தால்? யாராவது துண்டை மாற்றிவிட்டால்? ரஃபி அகமதுவுக்கு இந்த வேலை பிடித்துப்போயிருந்தால்? மழை வந்து காற்று திரும்பிவிட்டால்? ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றார். ஆனால் சொன்ன வார்த்தைப்படி ஆம்பூர் பக்கம் போகவில்லை.

பதினாறாம் நாள் போனபோது நசீர் அகமதுவின் மேசையில் மூன்று துண்டுகளும் வரிசையாக இருந்தன. பீரோவில் இருந்தது வைத்தபடியே மின்னியது. போர்ட்டிகோவில் இருந்தது மங்கிப் பழுப்பாகியிருந்தது. கொட்டகையில் இருந்தது காயிலைப் போலவே கறுத்து, உருது எழுத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நசீர் அகமது அதை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார். விரலில் கறை ஒட்டியது.

"செம்புக்கே இந்தக் கதி" என்றார் கடைசியில். "குழிக்குப் பக்கத்துல பன்னெண்டு பேரு நின்னு வேல செய்யறாங்க மிஸ்திரி. நானும் முப்பது வருஷமா இந்தக் காத்தத்தான் மூச்சு உடறேன்." அந்தத் துண்டைக் காகிதத்தில் சுற்றி டிராயரில் வைத்தார். பிறகு, "அவனை வரச் சொல்லுங்க. அதே வேல, அதே சம்பளம்" என்றார்.

புதுக் காயில் மாட்டினார்கள். கார் போர்ட்டிகோவுக்குத் திரும்பியது. சத்தம் போய்விட்டது. சுண்ணாம்புக் குழிகளைச் சுற்றியிருந்த தட்டியை எடுத்துவிட்டு இரண்டு பெரிய மின்விசிறி போட்டதாகப் பிறகு அதாவுல்லா சொன்னார்.

சின்னசாமி திரும்பி வரவில்லை.

"ஒருக்கா சந்தேகப்பட்டவங்க வண்டியில இனிமே எப்படி உக்காருவேன்? நாளைக்கு டயர் வெடிச்சாலும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க" என்று கிருபானந்தத்திடம் சொன்னார். "எனக்கு ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடுங்க. நான் தப்பு பண்ணலன்னு எழுதுன லெட்டர்."

நசீர் அகமது டைப் அடித்து, கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அதோடு சேர்த்து, கேட்காமலே, கிருபானந்தமும் ஒரு கடிதம் எழுதினார். நான் சரியாகச் சோதிக்காமல் இவர்மேல் பழி வரும்படி பேசினேன் என்று, ஜெயபுஷ்பம் சொல்லித் தராமல், அவராகவே எழுதினார். எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் ஆயிற்று. இரண்டு கடிதங்களோடும் சின்னசாமி ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஏறி இறங்கினார். அடுத்த தை மாதம் அங்கே டிரைவராகச் சேர்ந்தார்.

கிருபானந்தம் ஆளே மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. சிலிண்டரை எடை பார்ப்பதை விடவில்லை. ஆனால் எந்த வீட்டிலும், கம்பெனியிலும், யார் செய்தது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல மாட்டார். "எது செஞ்சதுன்னு கேளுங்க, சொல்றேன்" என்பார். அதில் சிலருக்கு அவர்மேல் எரிச்சல்கூட வந்தது.

1985 கோடையில் ஒரு நாள் முற்பகல், கடை வாசலில் ஒரு புதுக் கார் வந்து நின்றது. வெள்ளை யூனிஃபார்ம் போட்ட சின்னசாமி இறங்கினார். மூன்று வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறார்கள்.

"ஏசி போட்டா கீச்சுன்னு சத்தம் வருது" என்றார். கிருபானந்தம் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். சின்னசாமி உட்காரவில்லை. பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிருபானந்தத்தின் கை போகும் இடமெல்லாம் அவர் கண்ணும் போனது. எந்த போல்ட்டைக் கழற்றுகிறார், எதை எங்கே வைக்கிறார், எதைப் பையில் போட்டுக்கொள்கிறார் என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருபானந்தம் அதைக் கவனித்தார். உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்து சின்னசாமியின் காலடியில் விரித்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் அதன்மேல் அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டே வந்தார். பெல்ட்டை எடுத்து, வழவழப்பாகத் தேய்ந்திருந்த உள்பக்கத்தைத் திருப்பி அவரிடம் காட்டினார். புதுப் பெல்ட்டை உறையோடு அவர் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது துணி காலியாக இருந்தது. சின்னசாமி குனிந்து துணியைத் தூக்கி அடியிலும் பார்த்துவிட்டு, காரில் ஏறி இன்ஜினைப் போட்டார். ஏசியையும் போட்டார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இன்னும் லேசா வருது மிஸ்திரி."

கிருபானந்தத்துக்கு எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லுங்க" என்று கேட்டபடி பானெட்டை மறுபடியும் தூக்கினார்.